பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு பதில் மணி



குர்லா நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னே அமர்ந்து பணியாற்றுகிறவன் நான் என்பதை இப்பகுதியைத் தொடர்ந்து படித்து வருவோர் அறிவர். 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் இந்திய நாட்டின் முதல் மின்சார ரயில் விக்டோரியா முனையத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த நிலையம் இதுவே. அந்தப் பெருமையைப் பேசுவதற்காக இதனைச் சொல்லவில்லை. மின்சார ரயிலில் நாள்தோறும் நடக்கும் ஒரு சிறு வழக்கத்தை உங்களுக்கு நினைவூட்டவே சொல்கிறேன்.

வண்டியின் கடைசிப் பெட்டியில் இருப்பவர் கார்டு. 2022-ஆம் ஆண்டிலிருந்து அவருக்கு ‘ரயில் மேலாளர்’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்; நம் வாயில் பழைய பெயரே நிற்கிறது. ஏறுவோர் ஏறி, இறங்குவோர் இறங்கியதும் அவர் இரண்டு முறை மணி அடிக்கிறார். முன்னே இருக்கும் மோட்டார்மேன் அதைக் கேட்டவுடன் வண்டியை நகர்த்தி விடுவதில்லை. தாமும் இரண்டு மணி திருப்பி அடிக்கிறார். ‘நீர் சொன்னது என் காதில் விழுந்தது, புரிந்தது’ என்பது அதன் பொருள். அதன் பிறகே வண்டி புறப்படுகிறது. அந்தப் பதில் மணி இல்லையேல் முதல் மணி வெறும் ஓசையே அன்றோ?

பள்ளிக்கூடத்திலிருந்தும் நம் வீடுகளுக்கு நாள்தோறும் மணி அடிக்கப்படுகிறது. டைரியில் குறிப்பு வருகிறது. அச்சிட்ட துண்டுத்தாள் வருகிறது. கைப்பேசியில் வாட்சாப் செய்தி வருகிறது. நாம் பதில் மணி அடிக்கிறோமா? அடிக்கிறோம் என்றால், அது உண்மையில் பதில் மணிதானா? இத்திங்கள் இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

பிறர் வீட்டுக் கதையைவிட என் வீட்டுக் கதையைச் சொல்வதே முறை. என் மகன் இப்போது ஏழாம் வகுப்பில் இருக்கிறான். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எனக்குத் தொடர்ந்து இரவுப் பணி. நான் வீடு திரும்பும்போது அவன் பள்ளிக்குப் போயிருப்பான். அவன் திரும்பும்போது நான் உறங்கிக் கொண்டிருப்பேன். ஆகவே டைரியில் கையெழுத்திடும் பொறுப்பு என் மனைவியிடம் இருந்தது. அவள் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, மணமான பின் மும்பைக்கு வந்தவள். தமிழ் ஏடு எதைக் கொடுத்தாலும் படித்து விடுவாள். மராத்தி எழுத்து அறியாள்.

அந்த இரண்டு மாதங்களில் டைரியில் மராத்தியில் மூன்று குறிப்புகள் வந்தன. பொருள் என்னவென்று அவள் மகனையே கேட்டாள். முதற்குறிப்புக்கு, ‘நாளை வெள்ளைக் காலணி அணிந்து வர வேண்டுமாம்’ என்றான். இரண்டாவதற்கு, ‘கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்க வேண்டுமாம்’ என்றான். மூன்றாவதற்கு, ‘சனிக்கிழமை விடுமுறையாம்’ என்றான். மூன்றுக்கும் அவள் தமிழில் அழகாகக் கையெழுத்திட்டாள். கோடு போட்ட நோட்டும் வாங்கிக் கொடுத்தாள்.

ஒரு மாலை அவனுடைய வகுப்பாசிரியை சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க என் ஜன்னலுக்கே வந்தார். மகனைப் பள்ளியில் சேர்த்த நாளில் என்னைக் கண்டிருக்கிறார். “அண்ணா, நீங்கள் அந்தப் பையனின் அப்பாதானே?” என்று மராத்தியில் கேட்டார். ஜன்னலில் பேசிப் பழகிய மராத்தி எனக்கு உண்டு. “ஆம், டீச்சர்” என்றேன். “பையன் கணக்கில் மிகவும் பின்தங்கி விட்டான், வந்து பாருங்கள் என்று மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் கையெழுத்து வந்தது, ஆள் வரவில்லை. படிப்பில் உங்களுக்கு அக்கறை இல்லையோ என்று எண்ணிக் கொண்டேன்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னே நின்ற வரிசை பொறுமை இழந்தது. சீட்டைக் கொடுத்துவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

அன்றிரவு நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் எனக்குச் சினமே வந்தது. அவனை அழைத்தேன். அவன் டைரியைக் கையில் எடுத்துக் கொண்டு வந்து நின்று அழுதான். “அம்மா வருத்தப்படுவாங்கன்னுதான் அப்பா” என்றான். அவ்வளவுதான். என் கை தாழ்ந்து விட்டது.

நிற்க. இதில் குற்றவாளி யார்? ஆசிரியை தம் கடமையைச் செய்தார். ஒரு முறைக்கு மூன்று முறை எழுதினார். என் மனைவியும் தன் கடமையைத் தவறவில்லை. ஒரு குறிப்பையும் கையெழுத்திடாமல் விடவில்லை. பள்ளி நமக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று நாங்கள் நினைத்தோம். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று பள்ளி நினைத்தது. இரு பெரியவர்களுக்கு நடுவே பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் தபால்காரனாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் நின்றான். தன்மீது எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையைத் தானே படித்துக் காட்டும்படி எந்த நீதிமன்றமாவது ஒருவனிடம் கேட்குமா? நாம் கேட்டோம். அவன் பொய் சொன்னது தவறே. அந்தப் பொய்க்கு இடம் அமைத்துக் கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாங்கள்.

இது என் வீட்டில் மட்டும் நடப்பதன்று என்பதை நண்பர்களிடம் பேசியபோது அறிந்தேன். காரணம் வெளிப்படையானது. மகாராஷ்டிரத்தில் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அது நம் குழந்தைகளுக்கு நன்மையே. வாழும் நாட்டின் மொழியை அறியாமல் வாழ்வது இயலாது. ஆனால் அதன் விளைவாகக் குழந்தை அறிந்த மொழியைத் தாய் அறியாத நிலை ஏற்படுகிறது. பள்ளி பேசும் மொழி ஒன்று, வீடு பேசும் மொழி வேறு. இரண்டையும் அறிந்த ஒரே ஆள் அந்தக் குழந்தை.

மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் ஆகிய எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துவதை நாம் நன்றியுடன் சொல்ல வேண்டும். அங்கே தமிழ்வழியில் படிக்கும் குழந்தையின் தாய்க்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் நம்மவர் பலர் இன்று ஆங்கிலவழிப் பள்ளியையே நாடுகிறார்கள். தமிழ்வழியில் தொடங்கிய பிள்ளைகளும் மேல் வகுப்புக்குப் போகையில் பெரும்பாலும் வேறு வழிக்கு மாற நேர்கிறது. அப்போது பள்ளியோடு நமக்கிருந்த பேச்சு அறுந்து போகிறது. பிள்ளைக்குப் பாடங்கள் கடினமாகும் வயதும் அதுவே.

ஊரில் இந்தத் துன்பம் இல்லை என்று முதியோர் சொல்வர். அது ஓரளவு உண்மை. ஊர்ப் பள்ளி ஆசிரியர் கடைத்தெருவில் எதிர்ப்படுவார். கோவில் கொடையில் பக்கத்தில் நிற்பார். ‘உன் மகன் நேற்று வரவில்லையே’ என்று போகிற போக்கில் சொல்லி விடுவார். ஆனால் ஊரிலும் இது தானே அமைந்து விடவில்லை. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் பகல் உணவுத் திட்டம் தொடங்கியது; ஊரார் தந்த பங்கும் அதில் சேர்ந்தது. 1958-இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அப்போது கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் அவ்வியக்கத்தை முன்னின்று நடத்தினார். நம் பள்ளிக்கு என்ன குறை என்று ஆசிரியரும் ஊராரும் சேர்ந்து பார்த்தனர். கரும்பலகை முதல் கட்டடம் வரை ஊராரே கொடுத்தனர். அம்மாநாடுகளால் சேர்ந்த பொருளைப் பற்றியே பலரும் பேசுவர். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அதுவரை பள்ளி வாசலுக்கு வெளியே நின்ற உழவனும் நெசவாளியும் உள்ளே வந்து, ஆசிரியருக்கு எதிரே உட்கார்ந்து, ‘இது எங்கள் பள்ளி’ என்று சொன்னார்களே, அதுதான் பெரிது.

நம்மில் பலருடைய பாட்டனார்கள் அத்தகைய ஊர்களிலிருந்தே தாராவிக்கும் குர்லாவுக்கும் செம்பூருக்கும் வந்தவர்கள். வரும்போது மூட்டையில் எதை எதையோ கட்டிக் கொண்டு வந்தோம். ‘இது எங்கள் பள்ளி’ என்ற அந்தச் சொல்லை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோமோ என்று ஐயமாக இருக்கிறது.

அதைச் சொல்லும் உரிமையை இன்று சட்டமே நமக்குத் தந்திருக்கிறது. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இரண்டு பிரிவுகளை நாம் நினைவில் வைத்தல் வேண்டும். ஒன்று 24-ஆம் பிரிவு. ஆசிரியர் பெற்றோரை முறையாகக் கூட்டி, குழந்தையின் வருகை ஒழுங்கு, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆகவே ஆசிரியரிடம் போய்க் கேட்பது அவரைத் தொந்தரவு செய்வதாகாது. மற்றொன்று 21-ஆம் பிரிவு. அரசு, மாநகராட்சிப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் அரசுப் பள்ளிகள் தோறும் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடத்தி, பிறகு குழுக்களைப் புதிதாக அமைத்தனர். உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21-ஆம் பிரிவு பொருந்தாது. எனினும் மகாராஷ்டிரத்தின் 2011-ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அங்கே பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருந்தாக வேண்டும்.

சட்டம் இருக்கிறது, கூட்டமும் நடக்கிறது. பின் குறை எங்கே? கூட்டம் வேலை நாளில் பதினொரு மணிக்கு நடக்கிறது. தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரம் ஏற்றிப் புறப்பட்ட தகப்பனார் அந்நேரம் எங்கோ ஒரு தெருமுனையில் நிற்கிறார். செம்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் தாய் மூன்றாவது வீட்டில் இருக்கிறார். போனால் அரை நாள் கூலி போகும். கூலியை இழந்து போனாலும், ஒரு மணி நேரம் புரியாத மொழியைக் கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டு வர வேண்டும். ஒரு முறை அப்படிப் போனவர் மறுமுறை போவாரா?

மொழி தெரியாத பெற்றோரை என்ன செய்வது என்பது நமக்கு மட்டும் உரிய வினா அன்று. அமெரிக்க நாட்டில், சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனக் குழந்தைகள் தங்களுக்குப் புரியாத மொழியில் பாடம் நடத்துவது நீதியா என்று கேட்டு, 1974-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தில் வென்றார்கள். பெற்றோருக்குப் புரியும் மொழியில் பள்ளி பேச வேண்டும், அதற்கு மாணவர்களையே மொழிபெயர்ப்பாளராக நம்பியிருக்கக் கூடாது என்று அந்நாட்டு அரசு 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அவ்வழிகாட்டுதல் 2025-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதிலுள்ள நியாயம் திரும்பப் பெறக்கூடியது அன்று. என் மகன் கையில் டைரியுடன் நின்ற இரவில் அந்த நியாயத்தை நான் கண்ணால் கண்டேன்.

இனி, செய்யத்தக்கவை எவை? என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைச் சொல்கிறேன்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்ன என்று கேட்கிறீர்கள். அதன் கீழே இன்னும் இரண்டு வரிகள் சேர்த்தருளுங்கள்: ‘பெற்றோர் படிக்கக் கூடிய மொழி எது? அவர்கள் வரக் கூடிய நேரம் எது?’ இவ்விரண்டும் தெரிந்தால் பாதித் தொல்லை தீரும். என் மகனின் ஆசிரியை பிறகு என்னிடம் சொன்னார்: “நீங்கள் தமிழர் என்று தெரியும். வீட்டில் மராத்தி படிப்பவர் இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்?” உண்மை. நாங்களும் சொல்லவில்லை, படிவமும் கேட்கவில்லை.

இரண்டாவது, கையெழுத்தைப் பதிலாகக் கொள்ள வேண்டாம். கையெழுத்து, தாள் வந்து சேர்ந்ததற்குச் சான்று. செய்தி சேர்ந்ததற்குச் சான்றாகாது. வாட்சாப் செய்தியில் தோன்றும் இரண்டு நீலக் குறிகளும் அத்தகையனவே. பெற்றோர் ஒரு வரியேனும் திருப்பிச் சொல்லும்படி குறிப்பு அமையட்டும். ‘எந்த நாள் வருகிறீர்கள்?’ என்று கேட்டிருந்தால், வெறும் கையெழுத்து வந்ததுமே ஆசிரியைக்கு ஐயம் பிறந்திருக்கும்.

மூன்றாவது, பள்ளி அலுவலகத்தாருக்கும் வாசற்காவலருக்கும். பெற்றோர் முதலில் காண்பது ஆசிரியரை அன்று, உங்களைத்தான். எழுத்தன் என்ற முறையில் நானும் உங்கள் இனத்தவன். ‘அடுத்த ஜன்னலுக்குப் போ’, ‘நாளைக்கு வா’ என்ற சொற்கள் எவ்வளவு எளிதாக நம் நாவில் வருகின்றன என்பதை அறிவேன். களைப்பினால் நாம் சொல்லும் அந்த ஒரு சொல்லில், அஞ்சி அஞ்சி வந்த ஒரு தாய் திரும்பிப் போய்விடுகிறாள். அவள் மீண்டும் வருவதற்கு ஓராண்டு ஆகும்.

பெற்றோராகிய நமக்கே மிகுதியாகச் சொல்ல வேண்டும். புகார் வந்த பிறகு பள்ளிக்குப் போகும் வழக்கத்தை விடுவோம். ஆண்டு தொடங்கிய முதல் திங்களிலேயே ஒரு நாள் போய், வகுப்பாசிரியரை வணங்கி, மூன்று கேள்விகள் கேட்போம்: என் குழந்தை ஒழுங்காக வருகிறதா? எது அதற்குக் கடினமாக இருக்கிறது? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்? மராத்தி தெரியாதவர் இம்மூன்றையும் தெரிந்தவரைக் கொண்டு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். துணைக்கு அண்டை வீட்டாரையோ மராத்தி அறிந்த உறவினரையோ அழைத்துச் செல்லலாம். அந்தக் குழந்தையை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டாம். மேலாண்மைக் குழுவுக்குப் பெயர் கேட்கும்போது தலை குனிந்து நிற்கவும் வேண்டாம். படிப்பு குறைவு என்று தயங்குவோர், அக்குழுவுக்குப் பட்டம் தேவையில்லை, பிள்ளை அங்கே படித்தால் போதும் என்பதை அறிக.

நம் சங்கத்துக்கும் ஒரு பணி உண்டு. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம்; மகிழ்ச்சி. அவற்றோடு வகுப்புக்கு ஒரு தமிழ்த் தாயைத் தேர்ந்தெடுத்து, பள்ளிக் குறிப்பைத் தமிழில் பேசிப் பதிவு செய்து, மற்றத் தாய்மாருக்குக் கைப்பேசியில் அனுப்பச் செய்யலாம். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கு மராத்தி எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம். இதனால் தமிழ்ப் பற்றுக்குக் குறைவு வந்து விடும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. தன் பிள்ளையின் டைரியைத் தானே படிக்கும் தாய், அதே மேசையில் பிள்ளைக்குத் தமிழும் சொல்லிக் கொடுப்பாள்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மறுநாள் இரவுப் பணி முடிந்ததும் உறங்காமல் நேரே பள்ளிக்குப் போனேன். அடுத்த கூட்டத்துக்கு மனைவியையும் அழைத்துச் சென்றேன். ஆசிரியை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, மகனின் கணக்கு நோட்டைப் புரட்டிக் காட்டினார். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. பின்னத்தில்தான் தடுமாறுகிறான் என்பது அவளுக்கே விளங்கிவிட்டது. இப்போது அவள் மாலையில் தோசையை நான்காகவும் எட்டாகவும் வெட்டிப் பின்னம் சொல்லிக் கொடுக்கிறாள். அவன் அவளுக்கு மராத்தி எழுத்து சொல்லிக் கொடுக்கிறான். கணக்கில் அவன் இன்னும் முதல்வனாகி விடவில்லை, நடுவில்தான் நிற்கிறான். ஆனால் டைரியை ஒளிப்பதில்லை.

சென்ற வாரம் ஒரு குறிப்பு வந்தது. என் மனைவி எழுத்துக் கூட்டித் தானே படித்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. கீழே நடுங்கும் மராத்தி எழுத்தில் ‘வருகிறேன்’ என்று ஒரே ஒரு சொல் எழுதினாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கார்டுக்கு மோட்டார்மேன் திருப்பி அடிக்கும் மணி கேட்டது போல் இருந்தது.

உங்கள் இல்லங்களில் நடந்தவற்றையும், நீங்கள் கண்ட வழிகளையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த திங்கள் அவற்றைக் கொண்டே இப்பகுதியை நிரப்புவேன்.